நடை சாத்திய பின் மலைக்குப் போகிறவர்கள்

பத்ரிநாத்தில் நடை எந்த நாளில் திறக்கும் என்பதை வசந்த பஞ்சமி அன்று, நரேந்திரநகர் அரண்மனையில் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கிறார்கள். எந்த நாளில் சாத்தும் என்பது விஜயதசமி அன்று தெரிந்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் மனிதர்கள் பூஜை செய்கிறார்கள். மீதி ஆறு மாதம் நாரதர் செய்கிறார் என்பது ஐதீகம். திருமழிசையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் இது. தை மகத்தில் அவருடைய திருநட்சத்திரம் வரும்போது ஜெகந்நாதப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நூற்றெட்டுத் திருப்பதிகளின் பெயரை விரல் விட்டு எண்ணும் பெரியவர்கள் இருந்தார்கள். வடநாட்டுத் திருப்பதிகள் என்று வந்ததும் அவர்கள் குரல் கொஞ்சம் மாறும். பதரி, திருப்பிரிதி என்கிற ஜோஷிமட், கண்டமென்னும் கடிநகர் என்கிற தேவப்பிரயாகை, சாளக்கிராமம் என்கிற நேபாளத்து முக்திநாத். இந்த நான்கும் இமயத்தில். போய்வந்தவர்கள் ஊரில் ஒருசிலர்தான்.

நாரதர் கதையைக் கதையாக மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஆறு மாதக் கணக்குக்குள் பனியோடு பல தலைமுறை வாழ்ந்தவர்களின் பட்டறிவு இருக்கிறது. கோயில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவுகளுக்கு அடியில் நிற்கிறது. பனிச்சரிவில் பலமுறை சேதப்பட்டு, மறுபடி மறுபடி எடுத்துக் கட்டப்பட்ட கோயில் அது. நடை சாத்தியதும் உற்சவர்கள் பாண்டுகேஷ்வருக்கும், ஆதிசங்கரரின் ஆசனம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கும் இறங்கிவிடும். கேரளத்து நம்பூதிரியான ராவலும் இறங்கிவிடுவார். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாணா கிராமத்து மக்கள், ஆடு மாடு, தறி, குழந்தைகள் சகிதமாகக் கீழ்ப் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள். சாமியும் இறங்கும், குடிகளும் இறங்குவார்கள். பனி விழும் மாதங்களில் அந்த உயரத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் ஒரு சமூகம் கடைப்பிடித்த விதம் இது.

அன்றைய யாத்திரிகனும் அந்தக் கணக்குக்குள்தான் நடந்தான். ரிஷிகேசத்திலிருந்து கால்நடை. சில மைல்களுக்கு ஒரு ‘சட்டி’. ஓலையும் கல்லும் சேர்ந்த தங்குமிடம், பக்கத்தில் மாவும் பருப்பும் விற்கும் ஒரு கடை. காளி கம்பளிவாலா பாபாவின் பெயரால் கட்டிய தர்மசாலைகள். போகிற வழியில் பனித்திட்டைக் கடக்க வேண்டியிருந்தால் உள்ளூர் ஆள் முன்னே போவான், யாத்திரிகன் பின்னே போவான். வாரக்கணக்கில் நடந்ததால் உடலும் உயரத்துக்குப் பழகிவிடும். திருமங்கையாழ்வார் பதரியைப் பாடும்போது, மூப்பு வந்து கோலூன்றுவதற்கு முன்பே போய்த் தொழுதுவிட வேண்டும் என்கிற கருத்தை அழுத்திச் சொல்கிறார். பக்தியின் அவசரம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அந்த வழியை மனதில் வைத்துப் படித்தால் அதில் நல்ல பயண ஆலோசனையும் தெரிகிறது.

1960-ல் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவானது. 1962 சீனப் போருக்குப் பிறகு மலைச் சாலை வேலை வேகம் பிடித்தது. சில ஆண்டுகளில் பேருந்து பத்ரிநாத்தையே தொட்டது. இன்று மீனம்பாக்கத்தில் காலையில் விமானம் ஏறுகிறவர் மறுநாள் இரவுக்குள் ஜோஷிமட்டில் இட்லி கேட்கலாம். திருமழிசையும் அதே வேகத்தில் மாறியிருக்கிறது. வயலும் ஏரிக்கரையுமாக இருந்த ஊரில் சிட்கோ தொழிற்பேட்டை வந்தது, பெங்களூரு நெடுஞ்சாலை அகலமானது, 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையே சில மாதம் இங்கே வந்து உட்கார்ந்தது. பூந்தமல்லியிலிருந்து வரும் வழியில் யாத்திரை விளம்பரத் தட்டிகள் கட்டியிருக்கிறார்கள். சார்தாம், முக்திநாத், தென்னிந்தியச் சாப்பாடு, சமையல்காரர் உடன் வருவார். சாப்பாடு பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுகிற தட்டிகளில் பனியைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த ஊர்ப்பக்கத்திலிருந்து பனிக்குப் போகிற இன்னொரு வழி பட்டாளம். தொழிற்பேட்டை வாசல்களில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் காவலாளிகளில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய. அவர்களில் ஒருவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்தில் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். இவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், பனிமலையில் காவல் இருந்தவர். வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொல்வார்.

“அங்க எதுக்கு அண்ணே அதிகமாப் பயப்படுவீங்க?” என்று கேட்டேன்.

“மத்தியான வெயிலுக்குத்தான் தம்பி” என்றார். “நைட்டு ரெண்டு மணிக்குக் கெளம்பிருவோம். எல்லாரையும் ஒரே கயித்துல கட்டியிருக்கும். ஆளுக்கு ஆள் எடைவெளி விட்டு நடக்கணும், பேசக் கூடாது. முன்னாடி போறவன் கம்பியால குத்திக் குத்திப் பாத்துத்தான் கால வெப்பான். வெயில் ஏறிடுச்சுன்னா எங்க இருக்கியோ அங்கயே நில்லுன்னு ஆர்டர். கூடாரத்துல மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிஞ்சுகிட்டே இருக்கும், துப்புனா கறுப்பாத்தான் வரும். ஆனா ஸ்டவ்வ விட, மேல எவ்ளோ புதுப் பனி விழுந்திருக்குன்னுதான் காலைல மொதல்ல பாப்போம்.”

காலையில் முதலில் பார்த்த அந்தப் புதுப் பனிதான் இந்த விஷயத்தின் மையம். அவருக்கு அதைப் படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை, கட்டளையில் வந்தது.

பனி மலையில் ஒரே பொழிவில் வந்து சேர்வதில்லை. நவம்பரில் கொஞ்சம் விழும். பிறகு வாரக்கணக்கில் வானம் வெறிச்சென்று இருக்கும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு ஒன்று ஜனவரியில் வந்து இரண்டு நாளில் ஓர் ஆள் உயரத்துக்குக் கொட்டிவிட்டுப் போகும். அப்புறம் காற்று வீசி ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் அடுக்கும். வெயில் மேற்பரப்பை உருக்கும், இரவு அதை ஓடாக உறைய வைக்கும். இப்படி ஒவ்வொன்றும் ஓர் அடுக்காகப் படிந்துகொண்டே போகிறது. ஒரு குளிர்காலத்தின் வானிலை முழுவதும் அந்தப் படுகைக்குள் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கும். மண்வாரியால் நேராக வெட்டி ஒரு குழி எடுத்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். விரலை அழுத்தினால் எந்த அடுக்கு கெட்டி, எந்த அடுக்கு தளர்வு என்று கைக்கே தெரிந்துவிடும்.

ஆபத்து பெரும்பாலும் அடியில்தான் தொடங்குகிறது. பனிக்குக் கீழே இருக்கும் தரை ஏறத்தாழ உறைநிலையில் இருக்கும். மேற்பரப்போ, தெளிவான இரவில் மைனஸ் இருபதுக்கும் போகும். படுகை மெலிதாக இருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே தூரம் குறைவு, வெப்பநிலை வேறுபாடு அதிகம். 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தால் அடியிலிருந்து நீராவி மேலே கிளம்பும். பனித்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியை இழந்து, முனைமுனையான தனித்தனிப் பளிங்குகளாக மாறும். கையில் அள்ளிப் பிடித்தால் வறுத்த ரவை போல விரலிடுக்கில் ஒழுகிவிடும். அதன்மேல் அடுத்த பெரும் பொழிவு விழுந்து, காற்றில் இறுகி, ஒரு பலகையாகப் படிகிறது. மேலே கெட்டிப் பலகை, கீழே பிடிப்பில்லாத துகள். பலகை எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்படியே நிற்கும். ஒருவர் அதன்மேல் கால் வைத்ததும் அடியில் ஒரு விரிசல் தோன்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுவதும் ஓடிவிடுகிறது. பிறகு அந்தச் சரிவே கிளம்பி வரும்.

இதில் நம்மைப் போன்ற சமவெளிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பனிச்சரிவில் சிக்குகிற மலையேற்றக்காரர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்களுடைய கூட்டாளியோதான். எங்கோ உச்சியிலிருந்து தானாக வந்து விழும் இடி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூச்சல் போட்டால் பனி சரியும் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. குரலுக்கு அந்த வலு கிடையாது, உடல் எடைக்குத்தான் உண்டு. இடமும் பார்த்தால் பயமுறுத்துவதாக இருக்காது. 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் பலகைச் சரிவுகள் பெரும்பாலும் கிளம்புகின்றன. மரமில்லாத, வழவழப்பான, ஏறுவதற்குத் தோதாகத் தெரிகிற சரிவு. புகைப்படத்துக்கு நிற்கத் தோன்றும் இடம்.

இமயமும் எல்லா இடத்திலும் ஒன்று போல இல்லை. பீர் பஞ்சால் தொடரில் ஓரளவு மிதமான குளிர், கனமான பொழிவு. அங்கே புயல் நாளிலும் அதை அடுத்த நாள்களிலும் சரிவுகள் வரும். பெரிய இமயத்தில் இரண்டும் கலந்திருக்கும். காராகோரத்தில் கடுங்குளிர், மெலிந்த படுகை; அடியில் ரவையாகிப்போன அடுக்கு குளிர்காலம் முழுவதும் காத்துக்கிடக்கும். சியாச்சின் இருப்பது அங்கேதான்.

1984 ஏப்ரலில் மேகதூத் நடவடிக்கையில் இந்திய ராணுவம் அங்கே ஏறியது. அடுத்த மாதமே குமாவோன் படைப்பிரிவின் ரோந்துக் குழு ஒன்று பனிச்சரிவில் புதைந்தது. அதிலிருந்த லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலாவின் உடல் 2022 ஆகஸ்டில்தான் கிடைத்தது, 38 ஆண்டுகளுக்குப் பிறகு. தொடக்க ஆண்டுகளில் எந்தச் சரிவு எப்போது வரும் என்று சொல்ல அங்கே பழைய பதிவு இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த உயரத்தில் குடியிருந்த ஊர்க்காரர்களும் இல்லை. பிழைத்தவர்களின் நினைவுதான் பதிவேடு.

2016 பிப்ரவரி 3-ஐத் தமிழ்நாடு மறந்திருக்காது. சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் நிலையில் இருந்த 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் மீது பனிக்கட்டிச் சுவர் சரிந்தது. நால்வர் நம்மவர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். பாறையாக இறுகிக் கிடந்த பனியை வெட்டி, மோப்ப நாய்களை விட்டுத் தேடியபோது, ஆறாம் நாள் கர்நாடகத்து ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு கிடைத்தார். கூடாரத்துக்குள் சிக்கிய காற்று அவரை அதுவரை காப்பாற்றி வைத்திருந்தது. பிப்ரவரி 11 அன்று தில்லியில் இறந்தார். அந்த ஒரு வாரம் தமிழ்த் தொலைக்காட்சிகள் பனியைப் பற்றிப் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை. பேசியதும் வீரத்தைப் பற்றித்தான். பனி எப்படிச் சரிகிறது என்பதை யாராவது பத்து நிமிடம் விளக்கியிருக்கலாம் என்கிற ஆதங்கம் எனக்கு இன்றும் இருக்கிறது. அந்த வீடுகளில் அதைத் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் இருந்திருப்பார்கள்.

விளக்கக்கூடிய அறிவு நாட்டில் இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1936-ல் டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளுயோக் என்னுமிடத்தில் ஒரு மரக் குடிலை ஆய்வகமாக்கிப் பனிப் பளிங்குகளை ஆராயத் தொடங்கினார்கள். 1945 முதல் பொதுமக்களுக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறார்கள். இந்தியாவில் 1969-ல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. சுருக்கமாக சாசே என்பார்கள். ஆவடியில் அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய ஆய்வகம் எந்த டிஆர்டிஓவின் கீழ் இருக்கிறதோ, அதே டிஆர்டிஓவின் ஆய்வகம்தான் இதுவும். திருமழிசையிலிருந்து சற்றுத் தூரத்திலேயே இருக்கும் அந்த டாங்கி ஆய்வகத்தைத் தெரியாதவர் இந்தப் பகுதியில் இல்லை. அதன் உடன்பிறப்பைத் தெரிந்தவர் யாரும் எனக்கு அகப்படவில்லை.

சாசேயின் ஆரம்ப காலத்து வேலை பெரும்பாலும் மனிதக் கண்ணையும் கையையும் நம்பியது. குளிர்காலம் முழுக்கக் கண்காணிப்பு நிலையங்களில் தங்கி, அளவுகோல் நட்டுப் புதுப் பனியின் உயரத்தை அளந்து, குழி வெட்டி அடுக்குகளின் வெப்பநிலையைக் குறித்து, வானொலிக் கருவியில் கீழே சொல்வார்கள். அதை வைத்து எந்தச் சாலையில் படை வாகனம் போகலாம் என்று முடிவாகும். இன்று தானியங்கி நிலையங்கள் அளந்து அனுப்புகின்றன, செயற்கைக்கோள் படங்கள் வருகின்றன. 2020-ல் சாசேயை வேறொரு ஆய்வகத்தோடு இணைத்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட டிஜிஆர்இ என்ற நிறுவனமாக்கினார்கள். 2022-ல் அவர்களும் ராணுவமும் வடக்கு சிக்கிமில் நாட்டின் முதல் பனிச்சரிவு ரேடாரை நிறுவினார்கள். சரிவு கிளம்பிய மூன்று விநாடிக்குள், இருட்டிலும் பனிப்பொழிவிலும் அது கண்டுபிடித்துவிடும். குளிர்காலத்தில் காஷ்மீர், லடாக், இமாச்சலம், உத்தராகண்ட் மாவட்டங்களுக்கு இந்த நிறுவனம் நிற வரிசையில் எச்சரிக்கை தருகிறது. இவையெல்லாம் ராணுவத் தேவையிலிருந்து பிறந்தவை. சாலையும் முகாமும் இருக்கும் பள்ளத்தாக்குகளுக்குத்தான் இவை முதலில் பயன்படும். தனியாக ஒரு சரிவில் ஏறும் குழு எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று சொல்ல இவை போதாது. அதை அந்த இடத்தில் நிற்பவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அப்படி நிற்பவர்கள் யார் என்பதுதான் கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கணினி முன்னால் வேலை பார்க்கும் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறையில் கேதார்காந்தா போகிறார்கள். 12,500 அடி, சாங்ரி கிராமத்திலிருந்து ஏறலாம், பனிமூடிய உச்சி, சூரிய உதயம். 2023 மே மாதம் நா. முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். அவர் ஏறிப்போன கும்பு பனிவீழ்ச்சியில்தான் 2014 ஏப்ரல் 18 அன்று 16 நேபாள மலைப் பணியாளர்கள் பனிக்கட்டி சரிந்து இறந்தார்கள். மலை மீது நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கும் ஆசை எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. நூறு ஆண்டுக்கு முன் யாத்திரை என்ற பெயர் இல்லாமல் இமயத்துக்குப் போக நம் ஊரில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

போகிறவர்களின் முதுகுப்பையைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஜாக்கெட், நல்ல காலணி, கூலிங்கிளாஸ், காலணியில் மாட்டும் முள், பவர் பேங்க். ஐரோப்பாவில் பாதையற்ற பனிச்சரிவில் இறங்குகிறவர்கள் இல்லாமல் போகாத மூன்று பொருள்களை மட்டும் நான் பார்க்கவில்லை: உடம்போடு கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவி, மடக்குக் கம்பி, மண்வாரி. சமிக்ஞைக் கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, ஒலியின் திசையில் போய், கம்பியால் குத்தி உடலைத் தொட்டு, மண்வாரியால் தோண்டுவார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் வேலை இல்லை. தோண்டும் நேரமும் மிகக் குறைவு. முழுக்கப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். மூச்சுக்காற்று முகத்தைச் சுற்றியுள்ள பனியை உருக்கி உறைய வைத்து, வாயைச் சுற்றி ஒரு மூடியாக்கிவிடுகிறது. ஹெலிகாப்டர் கிளம்புவதற்கே அதைவிட நேரமாகும். கூட நடந்தவர்தான் காப்பாற்ற முடியும்.

கேதார்காந்தா போன்ற வழக்கமான பாதைகள் பெரும்பாலும் மிதமான சரிவில் போகின்றன. அங்கே போகிறவர்கள் எல்லோரும் சாவை நோக்கி நடக்கிறார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. அந்தப் பாதையில் கிடைத்த தைரியத்தோடு அடுத்த ஆண்டு பெரிய கணவாய்க்குப் போகிறார்களே, அங்கேதான் கவலை. கற்றுத் தேர்ந்தவர்களையே பனி கொண்டுபோயிருக்கிறது. 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்துப் பயிற்சிக் குழு திரௌபதி கா டண்டா சிகரத்தின் கடைசி ஏற்றத்தில் இருந்தபோது பலகைச் சரிவு கிளம்பியது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்டும் மகாலுவும் ஏறிவிட்டு வந்த சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அங்கே பயிற்றுநர்களாகவே போனவர்கள் இருந்தார்கள். அந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு, ஒரு வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழை முகநூலில் போட்டுவிட்டு ஐயாயிரம் மீட்டருக்குக் கிளம்பும் பிள்ளைகளைப் பார்த்தால் உட்கார வைத்துப் பேச வேண்டும் போலிருக்கிறது.

கடலோர மாவட்டத்துக்காரர்களான நமக்கு உடனே புரியக்கூடிய நிகழ்வு ஒன்று முக்திநாத்தில் நடந்தது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. நம் வங்கக் கடலில் பிறந்த புயல். கரை கடந்ததும் நமக்குச் செய்தி முடிந்துவிட்டது. புயலின் எச்சமோ ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே போய், 14-ஆம் தேதி அன்னபூர்ணா மலைகளில் மோதிப் பெரும் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயர தோரங் கணவாயைக் கடந்து, நம் திவ்யதேசமான முக்திநாத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் வெண்புயலில் வழி தெரியாமல் சிக்கினார்கள். அங்கேயும் அக்கம்பக்கத்து மலைகளிலும் பனிச்சரிவிலும் குளிரிலுமாக 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் அங்கே மலையேற்றத்துக்கு மிகச் சிறந்த மாதம் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். மாதக் கணக்கு மட்டும் போதாது, கடலையும் பார்க்க வேண்டும் என்பதை அந்த அக்டோபர் காட்டியது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றால் செம்பரம்பாக்கம் ஏரி நிலவரத்தைப் பார்க்கிற நாம், அந்த வாரத்தில் நேபாள மலையில் நம் வீட்டார் இருந்தால் அதே அறிக்கையை அவர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

பருவமும் முன்போல இல்லை. குளிர்காலத் தொடக்கத்துப் பொழிவு குறைந்து, தள்ளிப்போய், பிறகு மொத்தமாகக் கொட்டுகிற ஆண்டுகளை மலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மெலிந்த முதல் அடுக்கு, அதன்மேல் திடீர்ப் பாரம்: மேலே சொன்ன ரவை அடுக்குக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. இன்ன தேதியில் இன்ன சரிவு பத்திரம் என்று பரம்பரையாகச் சொல்லிவந்தவர்கள்கூட இப்போது தயங்குகிறார்கள்.

2025 பிப்ரவரி 28 அன்று நடந்தது பத்ரிநாத்துக்கும் மாணாவுக்கும் நடுவே. நடை சாத்தி மூன்று மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. சாமி கீழே, ராவல் கீழே, மாணா மக்கள் கீழே. மேலே இருந்தவர்கள் எல்லைச் சாலைக்குப் பனி அகற்ற வந்த 54 தொழிலாளர்கள். இரும்புக் கொள்கலன்களைக் குடியிருப்பாக்கித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு டிஜிஆர்இ எச்சரிக்கை விடுத்திருந்தது: சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் அடுத்த 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம். பொழுது விடியும் நேரத்தில் சரிவு வந்தது. கொள்கலன்கள் உருண்டன. அந்த இரும்புப் பெட்டிகளே பலரைக் காப்பாற்றின. உள்ளே காற்று இருந்தது, பனி நேராக நெஞ்சை அழுத்தவில்லை. ராணுவமும் மீட்புப் படையினரும் மூன்று நாள் தோண்டி 46 பேரைக் காப்பாற்றினார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள்.

அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது என்பதைத்தான் இதில் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நேரம், மாவட்டம், உயரம் மூன்றையும் சொன்ன எச்சரிக்கை ஓர் இரவுக்கு முன்பே வெளியாகிவிட்டது. மணாலியில் அளவுகோல் நட்டு எண்ணிய காலத்தில் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. அந்தத் தாள், தூங்கப்போகும் மனிதனிடம் வந்து, “எழுந்திரு, கீழே போ” என்று சொல்கிற வழிதான் இன்னும் அமையவில்லை. அன்று அதைப் பஞ்சாங்கம் சொன்னது, ஊரே கேட்டது. இன்று ஆய்வகம் சொல்கிறது. யார் கேட்க வேண்டும் என்பது யாருக்கும் தெளிவாக இல்லை.

யாத்திரிகர்களுக்காவது இதை நம் ஊரிலேயே செய்யலாம். முக்திநாத்துக்கும் மானசரோவருக்கும் போய்வருகிறவர்களுக்குத் தமிழக அறநிலையத் துறை மானியம் தருகிறது. அந்த விண்ணப்பத்தோடு, பனியைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு பக்கம் சேர்த்துக் கொடுத்தால் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரும். யாத்திரை ஏற்பாட்டாளரிடம், அங்கே புதிதாக ஓரடிக்கு மேல் பனி விழுந்தால் திட்டம் என்ன, எச்சரிக்கையை யார் பார்ப்பார்கள், திரும்பிவிட்டால் பணம் என்னாகும் என்று கேட்கலாம். மூன்றாவது கேள்விதான் முக்கியம். கட்டிய பணம் போய்விடுமே என்கிற தயக்கத்தில்தான் பலர் மேலே நடக்கிறார்கள்.

குளிர்காலத்தில்தான் விடுமுறை கிடைக்கிறது, அப்போதுதான் பதரியைச் சேவிக்க வேண்டும் என்கிறவர்களுக்குப் பழைய ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது. உத்தராகண்ட் அரசும் இப்போது குளிர்கால யாத்திரை என்று அதையே முன்வைக்கிறது. நடை சாத்திய மாதங்களில் பாண்டுகேஷ்வரிலும் ஜோஷிமட்டிலும் பூஜை நடக்கிறது. ஜோஷிமட் 1,890 மீட்டர் உயரம். 2025 பிப்ரவரி எச்சரிக்கையின் 2,400 மீட்டர்க் கோட்டுக்குக் கீழே. நிலம் தாழ்ந்து 2023-ல் வீடுகள் விரிசல் கண்ட ஊர் என்பதால் தங்கும் இடத்தை விசாரித்துப் போக வேண்டும். திருமங்கையாழ்வார் திருப்பிரிதி என்று பாடியது அந்த ஊரைத்தான். தை மகம் முடிந்து திருமழிசையிலிருந்து கிளம்புகிறவர், நரசிம்மர் சன்னதியில் சேவித்துவிட்டு, மேலே போகும் சாலையில் காலெடுத்து வைக்காமல் திரும்பினால், மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலத்தில் செய்துவந்த யாத்திரையை முழுதாகச் செய்தவர் ஆகிறார்.